குழந்தை நலம், எனக்குத்தான் எதுவும் ஒட்டவில்லை: பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு

செம்பருத்தி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கர்ப்பமாக இருந்த காலம் முழுக்க இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் முறையாக எழுதுகிறேன். பெண் குழந்தை, சிசேரியன். இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஈரோட்டுப் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவருக்குக் கோவையில் வேலை, வார இறுதியில் வருவார்.

என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அம்மா இருட்டோடு எழுந்து பூண்டு உரித்துப் பத்தியக் குழம்பு வைக்கிறார். குழந்தைக்கு எடை ஏறுகிறது. பாலுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அவளைத் தூக்கும்போது எனக்குள் எதுவுமே நடப்பதில்லை. யாரோ வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மாதிரி இருக்கிறது. அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். சாயங்காலம் ஆனால் நெஞ்சு அடைக்கிறது, இன்னோர் இரவு வருகிறதே என்று. சோறு தொண்டையில் இறங்குவதில்லை. பால் ஊற வேண்டுமே என்று விழுங்குகிறேன்.

பார்க்க வருகிறவர்கள் பால் இருக்கிறதா, தையல் ஆறிவிட்டதா என்று கேட்கிறார்கள். ‘பரவாயில்லை, அடுத்தது பையனாகப் பிறக்கும்’ என்று ஆறுதல் வேறு. 45ஆம் நாள் தடுப்பூசிக்குப் போனபோது வரிசையில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். அங்கிருந்த ஓர் அம்மாள், ‘ஊசி பிள்ளைக்கு, அழுவது தாயா?’ என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குழந்தையை எடை போட்டு அட்டையில் குறித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இன்னொன்று. இதை எழுதக் கை நடுங்குகிறது. மாடிப்படியில் குழந்தையோடு இறங்கும்போது, அவள் என் கையிலிருந்து விழுந்துவிடுவது போன்ற காட்சி கண்முன் வருகிறது. நானாக நினைப்பதில்லை, தானாக வருகிறது. பயந்துபோய் இப்போது மாடிப்பக்கமே போவதில்லை. அம்மாவிடம் சொன்னால் இனிமேல் பிள்ளையை என் கையில் தருவாரோ மாட்டாரோ. இது நோயா? அல்லது நான்தான் தாயாக இருக்கத் தகுதி இல்லாதவளா?

---

வைகைக்கரை

செம்பருத்தி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது நோய். சிகிச்சை இருக்கிற நோய். எனக்கு வந்தது, குணமாயிற்று. என் மகன் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான்.

பிள்ளையைத் தூக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நிலையை நான் நன்றாக அறிவேன். அழுகையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த மரத்துப்போன நிலையைத்தான் தாங்க முடியாது. ‘என் தங்கம்’ என்று வாய் சொல்லும், நெஞ்சில் அதற்கு ஒரு சத்தமும் இருக்காது. பாசம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றும் தோன்றாத நிலையிலும் இரவெல்லாம் விழித்து மூச்சைச் சரிபார்க்கிறவர் நீங்கள்.

இன்றே கணவரை அழைத்து, இங்கே எழுதியதை அப்படியே படித்துக் காட்டுங்கள். வாயால் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும். எழுதியதைப் படிப்பது எளிது.

---

காவிரிக்கரைப் பாட்டி

கண்ணம்மா, நான் நான்கு பெற்றவள். மூன்று வீட்டுப் பிரசவம். பச்சை உடம்பு அல்லவா, அப்படித்தான் இருக்கும். எங்கள் காலத்தில் வீடு நிறைய ஆட்கள். பிள்ளை அழுதால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெற்றவளுக்குச் சாப்பாடும் தூக்கமும்தான் வேலை. இப்போது அம்மா ஒருத்தியே எல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது, அவளும் பாவம். லேகியத்தை விடாமல் சாப்பிடு. கைப்பேசியைத் தள்ளி வை. குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்து வை. உடம்பு தேறினால் மனது தானாகத் தேறும். இதற்கெல்லாம் மாத்திரை என்று போனால் பால் கெட்டுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

---

பழைய செவிலி

நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பாட்டியம்மா சொன்னதில் பாதி முழு உண்மை. கூட ஆள் இருந்தார்கள், பெற்றவள் தூங்கினாள். அதுவே பெரிய மருந்து. ஆனால் அந்தக் காலத்தில் இந்த நோயே இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரசவம் ஆன சில நாட்களில் தூக்கமே இல்லாமல் ஏதேதோ பேசத் தொடங்கிய பெண்களைக் கோடாங்கி அடிக்கக் கூட்டிப்போனதைப் பார்த்திருக்கிறேன். பேசாமல் கொள்ளாமல் மூலையில் உட்கார்ந்துவிட்ட பெண்களை ‘ராங்கிக்காரி’ என்றார்கள். கிணற்றடிக்குப் போனவள் திரும்பி வராத வீடுகளும் உண்டு. ‘கால் வழுக்கிவிட்டது’ என்று ஊர் பேசி முடித்துவிடும்.

மூன்று நிலைகள் உண்டு. குழப்பிக்கொள்ளாமல் இருக்க எழுதுகிறேன்.

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமே இல்லாமல் அழுகை வரும். பால் இறங்குகிற அதே நாட்கள். பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது வரும். இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். மருந்து வேண்டாம், தூக்கமும் ஆதரவும் போதும்.

இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அது மனச்சோர்வு. செம்பருத்தி எழுதியிருப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது. சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

மூன்றாவது, ஆயிரத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும். பல நாள் தூக்கமே இருக்காது, ஆனாலும் களைப்பு தெரியாது. இல்லாத குரல் கேட்கும். ‘இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள்’ என்று அடித்துப் பேசுவார்கள். ஒரு நேரம் தெளிவு, ஒரு நேரம் குழப்பம். இது அவசரம். அன்றைக்கே, நடு இரவானாலும், ஆஸ்பத்திரி. 108ஐ அழைக்கலாம். அந்தத் தாயையும் பிள்ளையையும் தனியாக விடக் கூடாது.

அந்த 45ஆம் நாளைப் பற்றி எழுதியதைப் படித்து மனம் வலித்தது. நான் பதிவேடு எழுதிய காலத்தில் தாய்க்கு ரத்த அழுத்தம், ரத்த அளவு, இரும்புச் சத்து மாத்திரை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. மனதுக்குக் கட்டம் கிடையாது. கிராமத்தில் ஒரு பெண் பிள்ளையோடு சுகாதார நிலையத்துக்குத் தவறாமல் வருகிற நாள் அந்தத் தடுப்பூசி நாள்தான். மாமியார்கூட தடுக்காத பயணம் அது. மனச்சோர்வு வெளியே தெரியத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. பிள்ளைக்கு ஊசி போட்ட பிறகு ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று அரை மணி நேரம் உட்கார வைக்கிறோமே, அந்த அரை மணியில் தாயைத் தனியே அழைத்து, ‘உனக்கு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் போதும். பணியில் இருக்கும் தங்கைகள் யாராவது இதைப் படித்தால், கட்டம் வரும் வரை காத்திருக்காதீர்கள். கேளுங்கள்.

---

திருச்சி மனநல மருத்துவர்

செம்பருத்தி, நேரில் பார்க்காமல் நோயைப் பெயர் சொல்லி உறுதி செய்ய மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதை என் அறையில் சொல்லியிருந்தால் அன்றே சிகிச்சையைத் தொடங்கியிருப்பேன்.

முதலில் மாடிப்படி விஷயம். கேட்காமலே வந்து பயமுறுத்தும் இத்தகைய காட்சிகள் புதுத் தாய்மார்களுக்கு மிகச் சாதாரணமாக வருகின்றன. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் வரும். அந்தக் காட்சி உங்களைப் பதறவைக்கிறது, அதைத் தவிர்க்க மாடிக்கே போவதை நிறுத்திவிட்டீர்கள். குழந்தையைக் காப்பாற்றத் துடிக்கிற மனதின் வேலை அது. பழைய செவிலி சொன்ன மூன்றாவது நிலையில் அந்த எண்ணம் பதறவைக்காது, நியாயமானது என்று தோன்றும், அல்லது யாரோ கட்டளையிடுவது போல் கேட்கும். உங்கள் நிலை வேறு. இதைச் சொன்னதற்காக எந்த மருத்துவரும் உங்கள் பிள்ளையைப் பிரிக்க மாட்டார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே, தாய் மனநல மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும்போதும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாக அவளிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் தாயையும் சேயையும் ஒன்றாக அனுமதிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது.

எடின்பரோ அளவுகோல் என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. 1987இல் வெளியானது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். தமிழிலும் இருக்கிறது. பிரசவமான பெண்ணிடம் ‘தூக்கம் கெட்டிருக்கிறதா, களைப்பா?’ என்று கேட்டால் யாரும் ‘ஆம்’ என்றுதான் சொல்வார்கள். அதனால் இந்தத் தாள் உடம்பின் களைப்பை விட்டுவிட்டு மனதைக் கேட்கிறது. சிரிக்க முடிகிறதா, நாளையை ஆவலோடு எதிர்பார்க்க முடிகிறதா, தேவையில்லாமல் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா என்று. தூக்கத்தைப் பற்றிய ஒரே கேள்விகூட, மன வருத்தத்தால் தூங்க முடியாமல் போகிறதா என்றுதான் கேட்கிறது. பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். மருத்துவருக்கு அது முக்கியமான குறிப்பு.

பத்தாவது கேள்வி, தன்னையே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்றால் அன்றே ஒருவரிடம் பேச வேண்டும். உங்களிடமும் நேராகவே கேட்கிறேன்: செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா? தோன்றினால் இப்போதே அம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண்ணையும் அழைக்கலாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது தைராய்டும் ரத்த அளவும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ஓராண்டுக்குள் சிலருக்குத் தைராய்டு சுரப்பி தடுமாறும். சோர்வும் மனத் தளர்ச்சியும் அதனாலும் வரலாம். ரத்த சோகை நம் ஊரில் சொல்லவே வேண்டாம்.

பாட்டியம்மாவின் பயத்துக்கும் பதில். பால் கெடாது. பாலூட்டும் தாய்க்கு நாங்கள் பெரும்பாலும் முதலில் எழுதும் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை பாலில் மிக மிகக் குறைந்த அளவே கலக்கிறது. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். எல்லா மருந்தும் அப்படி அல்ல. அதனால்தான் கடையில் கேட்டு வாங்கக் கூடாது என்கிறோம். லேசான நிலையில் பேச்சுவழிச் சிகிச்சையே போதும். மாத்திரை வேண்டுமா என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

---

கரிசல்காட்டுக்காரி

டாக்டர் ஐயா, இது பாதுகாப்பான மருந்து என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு தனியார் மருத்துவமனையில், மாத்திரை வேண்டுமானால் பாலை நிறுத்திவிட்டு வா என்றார்கள். வீட்டில் பாலை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. ஆகவே மாத்திரை வேண்டாம் என்று ஆகிவிட்டது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை அப்படியே இழுத்தேன். அந்த ஒரு வருடத்தில் அவன் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முதல் பல் எதுவும் எனக்கு ஞாபகத்தில் இல்லை. புகைப்படத்தில்தான் பார்க்கிறேன். பாலா மருந்தா என்று என்னைத் தேர்ந்தெடுக்க வைத்திருக்கவே வேண்டியதில்லை என்று இன்று படிக்கும்போது கோபம் வருகிறது.

---

திருச்சி மனநல மருத்துவர்

உங்கள் கோபம் நியாயம், சகோதரி. மகப்பேறு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசாத இடங்களில் இப்படி நடக்கிறது. ஒருவர் பாலை மட்டும் பார்க்கிறார், இன்னொருவர் மனதை மட்டும். சிகிச்சை பெறாத மனச்சோர்வும் குழந்தையைப் பாதிக்கிறது: பால் கொடுப்பது, தூக்கம், எடை, தாய் முகம் பார்த்துப் பேசுவது எல்லாவற்றையும். மருந்தால் என்ன ஆகும் என்று கேட்கிற வீடுகளில், மருந்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும்.

---

வேலூர்ப் பெண்

செம்பருத்தி எழுதியதில் ‘அடுத்தது பையனாகப் பிறக்கும்’ என்ற வரியை யாரும் தொடவில்லை. நான் தொடுகிறேன்.

எங்கள் மாவட்டத்துக் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்பும் பின்பும் தொடர்ந்து பார்த்துச் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. நூற்றுக்கு 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்திருக்கிறார்கள். குறைந்த வருமானம். பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது. மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது. கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள். வீட்டு வேலைக்குக் கை கொடுக்க ஆள் இல்லாதது. அதே ஆண்டு வெளியான கோவா ஆய்வில் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் 23 சதவீதத் தாய்மார்களுக்கு மனச்சோர்வு. அங்கேயும் பெண் குழந்தை பிறந்தது ஒரு காரணமாக வந்தது.

ஹார்மோன் சரிவு எல்லாத் தாய்க்கும் நடக்கிறது. பெண் பிறந்ததற்காக ஒருத்தி நோயில் விழுகிறாள் என்றால் அதற்குக் காரணம் அவள் உடம்பு மட்டும் அல்ல, அவளைச் சுற்றி நின்று ஆறுதல் சொன்ன வாய்களும்தான். அந்த வார்த்தையைச் சொன்னவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த செவிலி ‘பெண் குழந்தை’ என்றதும் ஒரு நொடி அமைதி விழுகிறதே, அதை உள்ளே படுத்திருப்பவள் கேட்கிறாள். என் அக்காவுக்கு அதுதான் நடந்தது. அவளுக்கு மாத்திரை எவ்வளவு தேவைப்பட்டதோ, அவள் மாமனார் பேத்தியை மடியில் வாங்கிக் கொஞ்சியதும் அவ்வளவு தேவைப்பட்டது.

---

காவிரிக்கரைப் பாட்டி

பேத்தியை ‘மகாலட்சுமி வந்திருக்கிறாள்’ என்று சொல்லித்தான் கையில் வாங்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. செம்பருத்தி, டாக்டர் பால் கெடாது என்று சொல்லிவிட்டார். அப்படியானால் போய்வா. ஆனால் லேகியத்தையும் நிறுத்தாதே, தலையில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள். இரவில் ஒரு தடவையாவது பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வேறு அறையில் போய்ப் படு.

---

ஓர் அப்பா

ஆண்கள் இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. என் மனைவிக்கு இது வந்தபோது ஒரு கணவன் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

‘மனதைத் தைரியமாக வைத்துக்கொள்’ என்று போனில் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. வேலையைக் கையில் எடுக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு அவள் பால் கொடுத்ததும் குழந்தையை நான் வாங்கிக்கொள்வேன். தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, துணி மாற்றி, தொட்டிலில் போட்டு ஆட்டுவேன். அடுத்த வேளைக்கு அவள் பீய்ச்சி வைத்த பாலைச் சங்கில் நானே புகட்டினேன். அவளுக்கு இடைவெளி இல்லாமல் நான்கு ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைத்தது. மறுநாள் காலை அவள் முகத்தைப் பார்த்தபோது மருத்துவர் ஏன் தூக்கத்தையே முதல் மருந்தாகச் சொன்னார் என்று விளங்கியது. துண்டு துண்டாகத் தூங்கும் எட்டு மணி நேரம் அதற்கு ஈடாகாது.

பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நான் சந்தித்துப் பேசி அனுப்பினேன். அவள் சிரித்த முகத்தோடு காபி கொடுக்க வேண்டிய கட்டாயம் போனது. மருத்துவரிடம் அவளோடு போய் வெளியே காத்திருந்தேன், உள்ளே அவள் தனியாகப் பேசினாள். பிறகு என்னையும் அழைத்தார்கள். அப்போது மருத்துவர் என்னையும் சில கேள்விகள் கேட்டார். தந்தையரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தக் காலத்தில் மனச்சோர்வு வரும், மனைவிக்கு இருந்தால் கணவருக்கு வரும் வாய்ப்பு இன்னும் கூடும் என்றார்.

செம்பருத்தியின் கணவர் இதைப் படித்தால்: தம்பி, விடுப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள். வார இறுதி மட்டும் போதாது.

---

குரோய்டன் தமிழச்சி

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே பிரசவத்துக்குப் பிறகு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருவார். அந்த எடின்பரோ கேள்விகளை என்னிடமும் கேட்டார்கள். ஆனால் கேட்டபோது பக்கத்துச் சோபாவில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து எங்களுக்காகவே வந்து, குளிரில் எனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். அவர் முன்னால் ‘நான் சந்தோஷமாக இல்லை’ என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றுக்கும் நல்லபடியாகவே பதில் சொன்னேன். அந்தப் பெண்மணி அனுபவசாலி. கிளம்பும்போது வாசல் வரை என்னைக் கூட்டிப்போய், அடுத்த வாரம் குழந்தை எடை பார்க்கும் இடத்துக்கு நீ மட்டும் வருகிறாயா என்றார். அங்கே போய்த்தான் பேசினேன்.

கேள்வித்தாள் வந்தால் மட்டும் போதாது. எங்கே, யார் முன்னால் கேட்கிறார்கள் என்பதும் இருக்கிறது. பழைய செவிலி ‘தனியே அழைத்து’ என்று எழுதியிருக்கிறார். அந்த இரண்டு வார்த்தையைக் கோடிட்டு வையுங்கள்.

---

பழைய செவிலி

கோடிட்டதற்கு நன்றி. இன்னொரு செய்தி, நம்மைப் போன்ற களப்பணியாளர்களுக்கு ஊக்கம் தருவது. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், பள்ளிப் படிப்பு மட்டும் படித்த பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வழக்கமாக வீடு வீடாகப் போகும்போதே மனச்சோர்வுள்ள தாய்மாரோடு பேசவைத்தார்கள். பேச்சு என்றால் ஊர்க்கதை அல்ல. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் எங்கே எழுகிறது, அதற்குப் பதிலாக என்ன நினைக்கலாம், இந்த வாரம் எந்தச் சின்ன வேலையைச் செய்து பார்க்கலாம் என்று படங்களை வைத்து நடத்திய சிகிச்சை. குழந்தையின் வளர்ச்சிக்காக என்று சொன்னதால் மாமியார்களும் கதவைத் திறந்தார்கள். இதன் முடிவு 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆறு மாதத்தில் பயிற்சி பெற்றவர்கள் போன பகுதியில் 23 சதவீதப் பெண்களுக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது. மற்றப் பகுதியில் 53 சதவீதம். பின்னால் உலக சுகாதார நிறுவனமே இதைக் கையேடாக வெளியிட்டது.

அங்கே முடிந்தது என்றால் இங்கே, ஒவ்வொரு கிராமத்துக்கும் செவிலியர் போகிற தமிழ்நாட்டில், ஏன் முடியாது? பிரசவத்துக்குப் பணம் தருகிறோம், ஊட்டச்சத்துப் பெட்டகம் தருகிறோம், தாய் இறப்பைக் குறைத்த மாநிலம் என்று பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமை நியாயமானது. பிரசவ அறையில் காப்பாற்றிய தாயை மூன்றாம் மாதம் மனச்சோர்வுக்குப் பறிகொடுக்கலாமா?

---

செம்பருத்தி

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னியுங்கள்.

வைகைக்கரை அக்கா சொன்னபடி கணவருக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே அவர், ‘போதும், கிளம்பி வருகிறேன்’ என்றார். அம்மாவிடமும் அவரே சொன்னார். நான் பயந்தது போல அம்மா பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, நான் பிறந்தபோது தனக்கும் இப்படித்தான் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை என்றார்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனோம். சீட்டு வாங்கும் இடத்தில் ‘எந்தப் பிரிவு?’ என்று உரக்கக் கேட்டார்கள். கணவர் அதைவிட உரக்க ‘மனநலம்’ என்றார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் அம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். மாடிப்படி விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தவே இல்லை, முகமும் மாறவில்லை. ‘நிறையப் பேர் சொல்வார்கள்’ என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. டாக்டர் ஐயா கேட்ட கேள்விக்கு: விடியாமலே இருந்தால் நல்லது என்று சில இரவுகளில் தோன்றியது உண்டு. அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

ரத்த அளவு குறைவு, தைராய்டு சரியாக இருக்கிறது. குறைந்த அளவில் மாத்திரை தொடங்கியிருக்கிறார். முதல் சில நாள் குமட்டல் இருந்தது. பயந்து நிறுத்தப் பார்த்தேன், அம்மா விடவில்லை. இப்போது சாயங்காலப் பயம் முன்பு போல நெஞ்சை அடைப்பதில்லை. பிள்ளையோடு முழுதாக ஒட்டிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நேற்று குளிப்பாட்டிச் சாம்பிராணி போடும்போது தும்மினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது வேறு கவலை. ஐந்தாம் மாதம் நல்ல நாள் பார்த்துக் கோவைக்கு அழைத்துப்போக வேண்டும் என்று மாமியார் வீட்டில் பேசுகிறார்கள். அங்கே மாத்திரையை என்ன சொல்லிச் சாப்பிடுவது? அதற்குள் நிறுத்திவிடலாமா?

---

திருச்சி மனநல மருத்துவர்

நிறுத்தக் கூடாது. மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். பிறகும் மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வரும், நோயும் திரும்பலாம்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இப்போது பார்க்கும் மருத்துவரிடம் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி எழுதிய சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் ஒரு மாத மாத்திரை இருக்கும்படி பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அடுத்த பிரசவத்தின்போதும் இது திரும்ப வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம். அதனால் அந்தச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். கர்ப்பம் உறுதியானதும் மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

---

வேலூர்ப் பெண்

வேலைக்குப் போகிறவரா நீங்கள்? மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்திலிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. தமிழக அரசு ஊழியர் என்றால் ஓராண்டு. வேலைக்குத் திரும்பும் தேதியும் புகுந்த வீட்டுக்குப் போகும் தேதியும் ஒரே மாதத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் அக்காவுக்கு இரண்டும் சேர்ந்து வந்தபோதுதான் மறுபடி சரிந்தது.

---

வைகைக்கரை

மாமியாரிடம் உங்கள் கணவர் பேசட்டும், நீங்கள் அல்ல. அழைத்துப்போகும் நாளுக்கு முன்பே பேசிவிட வேண்டும். என் கணவர் தன் அம்மாவிடம், ‘பிரசவத்தில் இவளுக்கு ஒரு நோய் வந்தது, மருந்து சாப்பிடுகிறாள், டாக்டர் ஆறு மாதம் நிறுத்தக் கூடாது என்றிருக்கிறார், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது’ என்று நான்கே வரியில் சொன்னார். என் மாமியார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் ‘சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?’ என்று கேட்டார். ஒளித்து வைத்துச் சாப்பிட்டால் ஒருநாள் தவறும், இன்னொரு நாள் தவறும், அப்படியே நின்றுவிடும். சமையலறை அலமாரியில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். நல்ல நாள் குறிக்கும்போது, உங்கள் அடுத்த மருத்துவச் சந்திப்பு முடிந்த பிறகு வருகிற நாளாகக் குறிக்கச் சொல்லுங்கள்.